கடல் பக்கம்

தான் ஓடுவதை றிபா அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பகல் சாப்பாடு முடிந்து ஆட்கள் எழும்பிப்போன பயிற்சி முகாமின் சாப்பாட்டு மண்டபத்தில், பருப்புக் கறி வாடை இன்னும் போகாத நீள மேசையின் மேல், பயிற்சியாளர் இனோகா மிஸ் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தார். திரையில் இரண்டு பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். இடது பக்கம் ஓடுகிறவள் ஸஹ்றா, றிபாவின் ராத்தா, கண் தெரியாதவள். வலது பக்கம் றிபா. ராத்தாவின் வலது மணிக்கட்டையும் தங்கையின் இடது மணிக்கட்டையும் ஒரு சாண் கயிறு சேர்த்துக் கட்டியிருந்தது. மிஸ் படத்தை நிறுத்தி, பேனை முனையால் றிபாவின் இடது கையைத் தொட்டுக் காட்டினார். அது மடிந்து நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது, தொழுகைக்குத் தக்பீர் கட்டிய கை மாதிரி. அந்தக் கை ஆடாததால் ராத்தாவின் வலது கையும் ஆட வழியில்லாமல் இழுபட்டுக்கொண்டு வந்தது.

மிஸ் சிங்களத்தில் பேசினார். நல்ல மனுசி, ஆனால் சுற்றி வளைக்கத் தெரியாதவர். அக்காவின் ஓட்டத்தில் பெரிய குறை ஒன்றுமில்லை, குறை தங்கையிடம்தான் என்றார். தங்கை அக்காவைக் கூட்டிக்கொண்டு ஓடவில்லை, பிடித்து வைத்துக்கொண்டு ஓடுகிறாள். ஓட்டம் முடியும்போது அக்காவுக்கு மூச்சு மிச்சமிருக்கிறது, தங்கைக்கு ஒன்றுமில்லை. தெரிவுப் போட்டிக்கு முன் தங்கையின் ஓட்டம் திருந்தாவிட்டால் அக்காவுக்கு "வெனத் கெனெக்", வேறொருவரைத்தான் கட்ட வேண்டும். பெண்களில் அந்த வேகத்துக்கு இங்கே ஆளில்லை. வெலிமடைப் பொடியன் திலங்க இருக்கிறான், ஏற்கெனவே கண் தெரியாத ஒருவருக்கு வழிகாட்டியாக ஓடிப் பழகியவன்.

சொல்லி முடித்து, மொழிபெயர் என்பதாகத் தலையை ஆட்டினார். ஸஹ்றா தன் பிளேன்டிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு தங்கை பக்கம் காதைத் திருப்பியிருந்தாள்.

"என்ட கையத் திருத்தணுமாம், ராத்தா," என்றாள் றிபா. "கையத் திருத்தினா ரெண்டு பேரும் நல்லா ஓடுவமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நெறையக் கதைச்சாவே."

"சிங்களம் எண்டா அப்பிடித்தான். நீளமா வரும்."

ஸஹ்றா சிரித்துக்கொண்டு பிளேன்டியைக் குடித்தாள். றிபாவுக்கு நெஞ்சு படக்குப் படக்கென்று அடித்தது. நுவரெலியாவுக்கும் மேலே இருக்கிற இந்த மலையில் காற்று மெலிசு, சும்மா இருந்தாலே நெஞ்சு அடிக்கும், அதுதான் காரணம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இந்த இடத்தில் அந்தக் கயிற்றின் கதையைச் சொல்லாவிட்டால், இவள் ஏன் பாதியை விழுங்கினாள் என்பது விளங்காது. ஸஹ்றாவின் கண்ணில் வெளிச்சம் குறையத் தொடங்கியது பள்ளிக்கூடத்துக் காலத்தில். முதலில் இரவில் தெரியாமல் போனது, பிறகு பகலிலும் போனது. ஆனால் கால் நின்றபாடில்லை. சாய்ந்தமருதுக் கடற்கரையில் சுபஹுத் தொழுகை முடிந்து ஆள் நடமாட்டம் கூடுவதற்கு முன், தங்கையின் கையோடு கை கட்டிக்கொண்டு காரைதீவுப் பக்கமாக ஓடிப்போய்த் திரும்புவார்கள். ஈர மணல் இறுக்கமாக இருக்கும், ஓடுவதற்குத் தோதான இடம். ஆனால் தோணி கிடக்கும், நங்கூரம் கிடக்கும், வலைக்கயிறு நீட்டிக் கிடக்கும். இடது, வலது என்று சொல்லித்தான் றிபா தொடங்கினாள். அதில் ஒரு கரைச்சல் இருந்தது. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இடம் வலம் தடுமாறும். எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்துத்தான் எது வலது என்று சொல்வாள். ஓடுகிற ஓட்டத்தில் சோற்றை நினைக்க நேரம் எங்கே? ஆகவே இரண்டு சொல்லை வைத்துக்கொண்டார்கள். "கடல்" என்றால் கடல் பக்கம் ஒதுங்கு. "ஊர்" என்றால் ஊர்ப் பக்கம் ஒதுங்கு. கடல் எந்தப் பக்கம் என்று ஸஹ்றாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அது ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். ஊரும் அப்படித்தான், அதுவும் ஓயாமல் இரைகிற சாதிதான்.

ஊர் இரைந்தது என்னவென்றால், "கண்ணு தெரியாத ராத்தாவக் கையப் புடிச்சிக் கூட்டிக்குப் போறாள், சுவர்க்கம் அவளுக்குத்தான்" என்பது. அப்படிச் சொன்னவர்களே, ஸஹ்றா காய்ச்சலில் படுத்த ஒருநாள் றிபா தனியாக ஓடிவிட்டு வீடு திரும்புவதற்குள் உம்மாவிடம் வந்து, "உங்கட சின்னவள் என்னத்துக்கு ஓடுறாள், ஆரும் தொரத்துறாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அன்றைக்கு றிபாவுக்கு விளங்கியது. இந்த ஊரில் ஒரு பெண் ஓடுவதற்குச் சாட்டு, சொல்லிக்கொள்ள ஒரு காரணம், வேண்டும். அவளுடைய சாட்டு ராத்தாவின் கண். கயிறு இருக்கும் வரைக்கும்தான் அவளுக்கு ஓட்டம். மலைக்குப் போக வாப்பா விட்டதும், "ரெண்டு பேரும் சேந்து போற எண்டா போங்க" என்ற ஒரு வார்த்தையில்தான். இப்போது அந்தக் கயிற்றின் மற்ற நுனியை வெலிமடைப் பொடியன் ஒருவனின் கையில் கட்டுவதா?

அடுத்த நாளே மிஸ் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். முகம் பார்க்கும் பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்ற இடத்தில் நின்று கையை ஆட்டவேண்டும். முழங்கை பின்னால் போகவேண்டும், தோள் இறங்க வேண்டும், கைமுட்டி நெஞ்சின் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. மைதானத்தைச் சுற்றி நின்ற யூகலிப்டஸ் மரங்களிலிருந்து விழுந்த காய்ந்த இலை ஒன்றைப் பொறுக்கி அவளது இடது உள்ளங்கையில் வைத்து, இதை நொறுக்காமல் ஓடிவிட்டு வா என்றார். முதல் நாள் நொறுங்கியது. இரண்டாம் நாளும் தூளாகத்தான் கொண்டுவந்து கொடுத்தாள். மூச்சு வேறு அடங்கமாட்டேன் என்றது. ஊரில் கடற்காற்றைக் குடம் குடமாகக் குடித்து வளர்ந்த நெஞ்சு, இந்த மலையில் ஒரு வாய்க் காற்றுக்கு வாயைப் பிளந்தது. இரவில் தலைவலி. விடிகாலையில் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி உளு எடுக்கப் பைப்பைத் திறந்தால் தண்ணீரா ஐஸா என்று தெரியாது, முழங்கை வரைக்கும் விறைத்து எலும்பு குடையும். ஸஹ்றா பல் கிட்டிக்கச் சிரிப்பாள். "இந்தத் தண்ணியில உளு எடுக்கிறத்துக்கு ரெண்டு மடங்கு நன்ம இருக்கும் புள்ள," என்பாள். அவள் எதற்கும் சிரிக்கிறவள்தான். ஆனால் கடல் இரையாத இந்த இடம் அவளையும் கொஞ்சம் உலுப்பித்தான் இருந்தது. கட்டிலில் இருந்து கதவுக்கு எந்தப் பக்கம் என்று இரண்டு தரம் கேட்டாள். ஊரில் அவள் எதையும் இரண்டு தரம் கேட்டதில்லை.

மைதானத்தில் கடலுக்கு எங்கே போவது? இருவருமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வட்டத்துக்கு உள்ளே இருக்கிற புல்வெளி கடல், வெளிப்பக்கம் ஊர். எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றி ஓடுவதால் ஸஹ்றாவின் இடது பக்கம் எப்போதும் கடல். கடலுக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் வயல் வரம்பு போல ஒரு கல் விளிம்பு. ஊருக்குள்ளே போனால் பரவாயில்லை, கடலுக்குள்ளே விழுந்துவிடாமல் பார்த்துக்கொள் என்று ஸஹ்றா பகிடி பண்ணினாள்.

ஒரு வாரம் கழித்து இலை நொறுங்காமல் வந்தது. றிபாவே நம்பவில்லை. கயிறு கட்டாமல் தனியாக அவள் ஓடிய ஓட்டம் அது. இடது கை தானாகப் பின்னால் போய் முன்னால் வந்தது, தோள் இறங்கியது, கால்களுக்கு யாரோ எண்ணெய் விட்டது போல இருந்தது. மிஸ் கையைத் தட்டி, கயிறு இல்லாவிட்டால் நீ எவ்வளவு அழகாக ஓடுகிறாய் பார் என்றார். சந்தோசம் வந்தது. சந்தோசம் வந்த கையோடு பயமும் வந்தது, ராத்தாவுக்குத் தெரியாமல் எதையோ எடுத்துத் தின்றுவிட்டவள் போல நின்றாள். பிறகு கயிற்றைக் கட்டிக்கொண்டு இருவரும் ஓடினார்கள். முதல் வளைவு வரைக்கும் கை ஆடியது. இரண்டாவது வளைவில் அது பழைய இடத்துக்கு, நெஞ்சுக்கு, வந்துவிட்டது. பக்கத்தில் ராத்தாவின் காலடி கேட்கத் தொடங்கினால் அந்தக் கைக்கு வேறு வேலை தெரியாது.

திலங்க என்பவனை றிபா ஒரு எதிரியைப் பார்ப்பதுபோல் பார்த்து வந்தாள். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒல்லியான, கூச்சப்படுகிற பொடியன். ஸஹ்றாவை "அக்கே" என்பான். ஒருநாள் உருண்டுபோன அவளது தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுக்கக் குனிந்தபோது, றிபா பாய்ந்துபோய்ப் பறித்துக்கொண்டாள். அன்றைக்குப் பகல் உடுப்பு மடித்துக்கொண்டிருக்கையில், எங்கோ கேள்விப்பட்டதுபோலச் சொன்னாள்:

"இஞ்ச சில பொம்புளப் புள்ளயளுக்கு ஆம்புளயள்தான் கூட ஓடுறாங்களாம், ராத்தா. கையும் கையும் கட்டிக்கு. நம்மளுக்கு அது ஏலாதுதானே. கை பட்டா உளு முறிஞ்சி போகும்."

ஸஹ்றா சுவெட்டரின் கையை உள்ளே மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள். சுபஹுக்கு ராத்தா உலுப்பினால்தான் எழும்புகிற றிபாவுக்கு, அன்றைக்கு மார்க்கத்தில் வந்த அக்கறையைச் சொல்லி முடியாது.

தெரிவுப் போட்டி நாளில் மூடுபனி இல்லை. வெயில் பளிச்சென்று அடித்தது, குளிரும் இருந்தது. வெளிநாட்டுப் போட்டிக்குப் போகிற அணிக்கு ஆள் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் குடைக்குக் கீழே இருந்தார்கள். றிபா கயிற்றைக் கட்டும்போது ஸஹ்றா அவளுடைய விரலைப் பிடித்து ஒரு தரம் அழுத்திவிட்டு விட்டாள். ஓட்டம் நன்றாகத்தான் தொடங்கியது. மிஸ் சொன்னதெல்லாம் ஞாபகத்தில் இருந்தது. கை ஆடியது, இரண்டு கைகளும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தன. நேரம் சரி என்று மிஸ் ஓரத்தில் நின்று கத்தினார். றிபாவுக்கு ஒரு நம்பிக்கை வந்தது, இனி யாரும் தன்னை அவிழ்க்க முடியாது என்று.

மணி அடித்தது, கடைசிச் சுற்று. அந்த மணியோடு அவளுடைய நெஞ்சிலிருந்து காற்றை யாரோ உருவி எடுத்தார்கள். கண் இருண்டு இருண்டு தெளிந்தது. கை மடிந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது, அதை இறக்கத் தெம்பில்லை. களைத்துப்போன உடம்புக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். களைத்தால் அது திரும்பி வருகிற நேரம். காரைதீவுப் பக்கம் போய்விட்டு சாய்ந்தமருதுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறோம், இன்னும் கொஞ்சம்தான், அந்தா பள்ளிவாசல் மினாரா. போகும்போது இடப்பக்கம் கிடக்கிற கடல், திரும்பும்போது வலப்பக்கம் வந்துவிடும். கடைசி வளைவில் ஸஹ்றா கல் விளிம்பை நோக்கி ஒதுங்குவதை றிபா கண்டாள். தன் பக்கம், வலப்பக்கம் அவளை எடுக்க வேண்டும். வாயைத் திறந்து,

"கடல்!" என்று கத்தினாள்.

ஸஹ்றா தங்கையின் சொல்லை ஒருநாளும் சந்தேகித்தவள் அல்ல. கடல் என்றதும் கடல் பக்கமே போனாள். இடது கால் கல்லில் அடித்தது. விழுந்த வேகத்தில் கயிறு றிபாவையும் இழுத்து அவள் மேலேயே போட்டது. யாரோ "அய்யோ" என்றார்கள். ராத்தாவின் உள்ளங்கையில் தோல் உரிந்து இரத்தமும் மண்ணுமாக இருந்தது. முழங்காலும் அப்படித்தான். றிபா எழும்பிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு இறுகிப்போய் வரவில்லை. கடைசியில் மிஸ் கத்தரிக்கோல் கொண்டுவந்து வெட்டினார்.

கொழும்பிலிருந்து வந்தவர்களோடு மிஸ் நெடுநேரம் கதைத்தார். அடுத்த கிழமை ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஸஹ்றாவை மட்டும் மறுபடி ஓடவிட்டுப் பார்ப்பதாக முடிவாயிற்று. யாரோடு ஓடுவது என்று அவர்கள் கேட்கவில்லை. மிஸ் றிபாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

மருந்து கட்டிய காலை நீட்டிக்கொண்டு ஸஹ்றா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பின்னேரம், அஸர் தொழுது முடிந்த நேரம். யன்னலுக்கு வெளியே கோவா மரக்கறிப் பாத்திகளில் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். றிபா காலடியில் குந்தியிருந்தாள்.

"நான் மாறிச் சொல்லிட்டன், ராத்தா. திரும்பி வாறம் எண்டு நெனச்சிட்டன்."

"ஓம். தெரியும்." ஸஹ்றாவின் குரலில் கோபம் இல்லை, அதுதான் றிபாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. "நீ களைச்சா எப்பயும் ஊட்டுக்குப் போயிருவா. உன்ட மூச்சு எனக்குக் கேக்குந்தானே. ரெண்டு வருசமா நான் அதுக்கு அளந்துதான் காலெடுத்து வைக்கிறன்."

றிபா நிமிர்ந்து பார்த்தாள். பார்வை இல்லாத அந்த முகம் யன்னல் பக்கம் இருந்தது. இரண்டு வருசம். ராத்தாவைத் தான் ஓட்டிக்கொண்டு போவதாக ஊர் சொன்னது, தானும் நம்பினாள். ராத்தா தன்னை விட்டுவிடாமல் இருக்கவென்று மெதுவாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அண்டைக்கு மிஸ் சொன்னதில பாதியத்தான் நீ சொன்ன," என்றாள் ஸஹ்றா. "வெனத் கெனெக் எண்டு சொன்னாவே. திலங்க எண்டும் சொன்னாவே. வாப்பாட ரேடியோவுல சிங்களத்தில கிரிக்கெட் கேட்டு வளந்தவள் நான். ஒருத்தன் அவுட்டாகினா வேறொருத்தன் வாறத்துக்கு என்ன சொல்லுவாங்க எண்டு தெரியாதா எனக்கு?"

"அப்ப ஏன் கேக்கல்ல?"

"நீ சொல்லுவா எண்டு பாத்துக்கு இருந்தன்."

றிபா அழவில்லை. அழுவதற்குப் பதிலாக அவளுக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"உளு முறியுமே, ராத்தா."

"முறிஞ்சா மறுகா எடுக்கலாம்."

அவள் அதை மிகச் சாதாரணமாகச் சொன்னாள், சோறு ஆறினால் சூடாக்கலாம் என்பதுபோல. றிபாவின் வாயில் வேறு சாட்டு மிஞ்சவில்லை, உள்ளே கிடந்ததுதான் வெளியே வந்தது.

"மறுகா எனக்கு? நீ அவனோட ஓடினா நான் என்னத்துக்கு ஓடுற? ஊருல கேட்டா நான் என்ன சொல்ற?"

ஸஹ்றா கையை நீட்டித் துழாவித் தங்கையின் தலையைக் கண்டுபிடித்தாள். மருந்துச் சீலை சுற்றிய உள்ளங்கை சொரசொரத்தது. "அதுக்கு என்னட்ட மறுமொழி இல்ல, புள்ள," என்றாள். "இருந்தா சொல்லியிருப்பன்."

உம்மாவிடம் அவளே போனில் கதைத்தாள். உன்னைப்போல் பாதி சொல்லமாட்டேன் என்று தங்கையிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்ததை, பொடியனை, கயிற்றை, கை படலாம் என்பதை. ஊரில் இருந்த உம்மா சுபைறா முழுவதையும் கேட்டாள். கடைசியில், "சின்னவளட்டக் குடு" என்றாள் உம்மா.

"றிபா."

"ஓம், உம்மா."

"அவ அந்தப் பொடியனோட ஓடக்குள்ள நீ அங்க நிப்பாதானே? கண்ண எடுக்காமப் பாத்துக்கு நிப்பாதானே?"

"நிப்பன், உம்மா."

"பாத்துக்கு நில்லு மகள். எனக்கு அது போதும். வாப்பாட்ட இப்ப சொல்ல மாட்டன். காலு நோவு எண்டு மட்டும் சொல்றன்."

பாதி சொல்கிற பழக்கம் றிபாவுக்கு எங்கேயிருந்து வந்தது என்று நாம் தேடிக்கொண்டு போகத் தேவையில்லை.

கால் ஆறியதும் திலங்கவோடு ஓடிப் பார்க்கத் தொடங்கினார்கள். மிஸ் கொஞ்சம் நீளமான புதுக் கயிறு கொடுத்திருந்தார். ராத்தாவின் மணிக்கட்டில் றிபா கட்டினாள், மற்ற நுனியை அவன் தன் கையில் பல்லால் கடித்து இழுத்துக் கட்டிக்கொண்டான். வேகம் இருந்தது, ஆனால் ஓட்டம் சரிவரவில்லை. "வமட்ட" என்பான், இடது பக்கம் என்று அர்த்தம். ஸஹ்றாவுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரியும். ஆனாலும் அது காதில் விழுந்து தலைக்குப் போய் அங்கிருந்து காலுக்கு இறங்கி வர ஒரு கணம் பிடித்தது. அந்த ஒரு கணம் கால் தயங்கியது. வளைவுக்கு வளைவு தயங்கியது. முகாமில் யாருக்கும் அது ஏன் என்று பிடிபடவில்லை. பயம் போகவில்லை, போகப்போகச் சரியாகும் என்றார் மிஸ். போகப்போக என்பதற்கு நாள் இல்லை.

ஓரத்தில் நின்ற றிபாவுக்கு ஏன் என்று தெரியும். உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சும்மா நின்றால் போதும். வாயைத் திறக்காமல் உம்மா சொன்னபடி பார்த்துக்கொண்டு மட்டும் நின்றால், இந்தக் கயிறு தானாகத் தன் கைக்குத் திரும்பி வந்துவிடும், அல்லது இரண்டு பேரும் சேர்ந்து ஊருக்குத் திரும்பிவிடலாம், பழையபடி சுபஹுக்குப் பிறகு ஓடலாம். ராத்தாவும் பழையபடி அளந்து அளந்து கால் வைப்பாள். ஸஹ்றா இன்னுமொரு தரம் தயங்கித் தடுமாற, திலங்க கயிற்றை இழுத்து நிறுத்தினான். ஸஹ்றா சிரிக்கவில்லை. எதற்கும் சிரிக்கிறவள் சிரிக்காமல் நின்றாள்.

றிபா விளிம்பைத் தாண்டிப் போனாள். திலங்கவின் முகத்தைப் பார்க்காமல், "கடல்" என்று சொல்லிப் புல்வெளியைக் காட்டினாள். "ஊர்" என்று சொல்லி வெளிப்பக்கத்தைக் காட்டினாள். இடது வலது சொல்லாதே, இந்த இரண்டையும் சொல் என்று சிங்களத்தில் சொன்னாள். கடல் என்றால் முஹுத என்றும் சொன்னாள். அவன் சுற்றிச் சுற்றி மலைகளைப் பார்த்தான், மரங்களைப் பார்த்தான், எங்கே கடல் என்று கேட்டுக் கூச்சத்தோடு சிரித்தான்.

"கடலு," என்று சொல்லிப் பார்த்தான்.

"கடல்."

"கடலு. ஊரு."

ஸஹ்றாவின் முகம் தங்கையின் குரல் வந்த பக்கம் திரும்பியிருந்தது. கட்டாத கையால் தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

மறுபடி ஓடுகிற நாள் விடிந்ததிலிருந்தே மூடுபனி. நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால்தான் மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். குடைக்குக் கீழே இருந்தவர்கள்கூட மங்கலாகத்தான் தெரிந்தார்கள். ஓடி முடிந்ததும் ராத்தா தொழ வேண்டும், அதற்கு முதல் உளு எடுக்க வேண்டும். றிபா குசினியில் ஒரு கேத்தல் சுடுதண்ணீர் வாங்கிவந்து, மைதானத்து ஓரத்துப் பைப்படியில் வாளித் தண்ணீரோடு கலந்து, விரலை விட்டுப் பதம் பார்த்தாள். விசில் கேட்டது. அவள் நிமிர்ந்தபோது இரண்டு உருவங்களும் முதல் வளைவில் கரைந்துகொண்டிருந்தன.

பிறகு வெள்ளை மட்டும்தான். அதற்குள்ளிருந்து குரல் வந்தது. "கடலு... கடலு..." நேராக ஓடுகையில் ஒன்றும் இல்லை. வளைவில் மறுபடி "கடலு", விளிம்பு நெருங்கிவிட்டால் "ஊரு." கூடவே காலடிகள். அவற்றில் ஒன்றை அவளுக்குத் தெரியும், ஆனால் இவ்வளவு நீளமாக அது விழுந்து அவள் கேட்டதில்லை. இத்தனை வருசம் பக்கத்தில் ஓடியும், தனக்காகக் குறுக்காத ராத்தாவின் காலடி எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்று. உருவங்கள் ஒரு தரம் அவளுக்கு முன்னால் தோன்றி, கடந்து, மறைந்தன. கயிறு தொய்வாக ஆடிக்கொண்டு போனது. இரண்டு கைகளும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்ததைக் கண்டாள், அவ்வளவுதான் காண முடிந்தது.

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்பேன் என்று உம்மாவுக்குச் சொல்லியிருந்தாள். இந்தப் பனியில் நின்று என்னத்தைப் பார்ப்பது? அவள் இரண்டடி முன்னால் வந்தாள். பிறகு இன்னும் இரண்டடி. குரல் தூரத்து வளைவுக்குப் போய்விட்டிருந்தது. அது சுற்றி வரும் வரைக்கும் நின்றாள். காலடிகள் பக்கத்தில் வந்து, தாண்டிப் போகத் தொடங்கியபோது, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓடுபாதையின் வெளி ஓரத்தில், ஊர்ப் பக்கத்தில், அவளும் கால் வைத்தாள்.

மணி அடித்தது. வாளியிலிருந்து ஆவி எழும்பிப் பனியோடு சேர்ந்துகொண்டிருந்தது. முன்னால் எங்கோ "கடலு" என்றான் அவன். ஒன்றும் கட்டாத இடது கை பின்னால் போய், முன்னால் வந்து, பின்னால் போக, றிபா அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து வெள்ளைக்குள் போனாள்.